ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே போய்ச் சேர: ஆர் மொழியில் உரைக் கோப்பு எழுதும் முறை

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஓர் அட்டவணையைக் கோப்பாக எழுத ஒரே வரி போதும். அது பிழை காட்டாமல் ஓடியும் விடும். வம்பு பிறகுதான் தெரியும். கிருஷ்ணகிரியில் எழுதிய கோப்பைத் தருமபுரியில் ஒருவர் எக்செல்லில் திறப்பார். 04343 என்ற எஸ்டிடி எண் 4343 ஆகியிருக்கும். 12/3 என்ற சர்வே எண் மார்ச் 12 ஆகியிருக்கும். ஊர்ப் பெயர்கள் கிறுக்கலாக இருக்கும். அதனால் எழுதும் முன்பே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கோப்பை யார், எதில் திறக்கப்போகிறார்? மறுபடி ஆரிலேயே படிக்கவா, அலுவலக எக்செல்லுக்கா, நோட்பேடில் பார்க்கவா? கட்டளைக்குள் போடும் அமைப்புகள் எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தே மாறும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ட்ரூ, ஃபால்ஸ், என்ஏ மூன்றும் முழுக்கப் பெரிய எழுத்து. மற்றவை சிறிய எழுத்து. விலக்கு இருந்தால் அந்த இடத்தில் சொல்கிறோம். புள்ளியும் அடிக்கோடும் காட்டிய இடத்திலேயே வர வேண்டும். 'ரைட்' என்பது 'எழுது' என்ற ரைட். வலது பக்கம் அல்ல. மேற்கோள் குறி நேர்க்குறியாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ போய்வந்த கட்டளையில் அது வளைந்த குறியாக மாறியிருக்கும், ஆர் அதை ஏற்காது.

உதாரணத்துக்கு 'மண்டி' என்று ஒரு டேட்டா ஃபிரேம் (ஆருக்குள் இருக்கும் அட்டவணை) வைத்துக்கொள்வோம். தக்காளி வாங்கிய கணக்கு. நெடுவரிசைகள்: ஊர், எஸ்டிடி, சர்வே, முகவரி, தொகை. தருமபுரிக்கு 04342, கிருஷ்ணகிரிக்கு 04343, ஓசூருக்கு 04344. தொகைகள் 100000, 150000, 84250.5 என்று கற்பனையாகப் போட்டவை.

முதல் கட்டளை (சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு):

ரைட்.சிஎஸ்வி(மண்டி, "மண்டி.சிஎஸ்வி", ரோ.நேம்ஸ் = ஃபால்ஸ்)

கடைசியில் உள்ள ரோ.நேம்ஸ் = ஃபால்ஸ் என்பதை விட்டுவிட்டால் கோப்பின் முதல் நெடுவரிசையாக 1, 2, 3 என்று வரி எண்கள் ஏறும், அதற்குத் தலைப்பு வெறுமையாக இருக்கும். அதை மறுபடி படித்தால் ஆர் அதற்கு 'எக்ஸ்' என்று பெயர் வைக்கும். திருத்தி மறுபடி எழுதினால் இன்னொரு வரி எண் நெடுவரிசை சேரும். பல கை மாறிய கோப்புகளில் எக்ஸ், எக்ஸ்.1, எக்ஸ்.2 என்று வால் நீண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

ரைட்.சிஎஸ்விக்குத் தாய்க் கட்டளை ரைட்.டேபிள். பிரிப்பான், தலைப்பு, தசமக்குறி எல்லாவற்றையும் இதில் நாமே மாற்றலாம். ரைட்.சிஎஸ்வியில் செப் (பிரிப்பான்), அப்பெண்ட் (பழைய கோப்பின் அடியில் சேர்ப்பது), கால்.நேம்ஸ் (தலைப்பு) ஆகியவற்றை மாற்ற முயன்றால் எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் போகும். டேப் பிரிப்பான் வேண்டுமானால்:

ரைட்.டேபிள்(மண்டி, "மண்டி.டிஎக்ஸ்டி", செப் = "\டி", ரோ.நேம்ஸ் = ஃபால்ஸ், கோட் = ஃபால்ஸ்)

ரைட்.டேபிளின் இயல்பான பிரிப்பான் காற்புள்ளி அல்ல, ஒற்றை இடைவெளி. அதோடு வரிப்பெயர்கள் இருந்தால் தலைப்பு வரியில் ஓர் உறுப்பு குறைவாக இருக்கும். ஆர் இதைப் புரிந்துகொண்டு சரியாகப் படிக்கும். எக்செல்லுக்குத் தெரியாது, தலைப்புகள் எல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து, 'ஊர்' என்ற தலைப்பின் கீழ் வரி எண்கள் நிற்கும். வரிப்பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் கால்.நேம்ஸ் = என்ஏ என்று கொடுங்கள். முதல் தலைப்பு வெறுமையாக விழுந்து வரிசை சரியாகும்.

கோட் = ஃபால்ஸ் என்பதில் நிதானம் தேவை. மேற்கோள் குறிகள் கண்ணை உறுத்துகின்றன என்று பலர் நீக்கிவிடுகிறார்கள். முகவரியில் 'நல்லம்பள்ளி அஞ்சல், தருமபுரி' என்று ஒரு காற்புள்ளி இருந்தால், சிஎஸ்வியில் அந்த வரிக்கு மட்டும் ஒரு நெடுவரிசை கூடிவிடும், அதற்கு வலப்பக்கம் உள்ள தொகைகள் இடம் மாறும். முகவரியோ குறிப்போ இருக்கும் அட்டவணைக்கு மேற்கோள் இருக்கட்டும். தேவையான நெடுவரிசைக்கு மட்டும் போட கோட் = 4 என்று எண்ணையும் கொடுக்கலாம்.

இன்னொரு பொறி ஓசூர்ப் பக்கத்து முகவரிகளில் இருக்கிறது. பெங்களூரு வழக்கப்படி கதவு எண்ணுக்கு முன் # போட்டு '#12' என்று எழுதுவார்கள். ரைட்.டேபிள் அதை ஒழுங்காக எழுதும். ஆனால் ரீட்.டேபிள், # வந்தால் அதற்குப் பிறகு வருவது குறிப்புரை என்று நினைத்து வரியை அங்கேயே வெட்டும். மேற்கோளுக்குள் இருந்தால் தப்பிக்கும்; கோட் = ஃபால்ஸ் போட்டிருந்தால் தப்பாது. ஒற்றை மேற்கோள் குறியையும் ரீட்.டேபிள் உரையின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு அடுத்த பல வரிகளை விழுங்கிவிடும். படிக்கும்போது காமெண்ட்.சார் = "" என்றும், கோட் என்பதற்கு இரட்டை மேற்கோளை மட்டும் என்றும் கொடுத்தால் இரண்டும் தீரும். ரீட்.சிஎஸ்வியில் இந்த இரண்டு அமைப்பும் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன.

லட்சமும் கோடியும்

மண்டி.சிஎஸ்வியை நோட்பேடில் திறந்தால் 150000 அப்படியே இருக்கும். 84250.5 அப்படியே இருக்கும். 100000 மட்டும் 1, ஓர் ஆங்கில ஈ, +05 என்று அறிவியல் குறியீட்டில் நிற்கும். ஒவ்வொரு எண்ணையும் எழுதும்போது எந்த வடிவம் குறைவான இடத்தை அடைக்கும் என்று ஆர் பார்க்கிறது. ஒரு லட்சத்துக்கு நேர் வடிவில் 6 இடம், அறிவியல் வடிவில் 5 இடம், பின்னது ஜெயிக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு அறிவியல் வடிவில் 7 இடம் ஆகும் என்பதால் தப்பிக்கிறது. ஆக, இது முழுத் தொகைகளை மட்டும்தான் பிடிக்கும்: 1 லட்சம், 2 லட்சம், 10 லட்சம், 1 கோடி. ஆயிரம் வரியில் நாலைந்து இப்படி இருந்தால் கண்ணில் படாது. நிரலின் தலையிலேயே இதைப் போட்டுவிடுங்கள்:

ஆப்ஷன்ஸ்(சைபென் = 999)

'சைபென்' என்பதன் எழுத்துகள் எஸ், சி, ஐ, பி, ஈ, என். தொகை நெடுவரிசையில் பைசா இல்லை என்றால் ஆஸ்.இன்டிஜர் மூலம் முழு எண்ணாக மாற்றுவதும் வழிதான். முழு எண் வகைக்கு இந்தச் சிக்கல் வராது. ஆனால் அந்த வகையின் உச்சம் 2147483647, அதாவது 214 கோடிச் சொச்சம். பத்து இலக்கக் கைபேசி எண் அதில் அடங்காது.

1,00,000 என்று நம் முறையில் காற்புள்ளி போட்டுக் கேட்பவர்கள் உண்டு. ஃபார்மட் கட்டளையின் பிக்.மார்க் மூன்று மூன்று இலக்கமாகத்தான் பிரிக்கும். அதோடு, காற்புள்ளி விழுந்த எண்ணைத் திரும்பப் படிக்கும்போது அது வெறும் உரை, கூட்ட முடியாது. தரவுக் கோப்பில் காற்புள்ளி வேண்டாம். அச்சிடும் அறிக்கையில் போட்டுக்கொள்ளலாம்.

ரைட்.டேபிளும் ரைட்.சிஎஸ்வியும் 15 இலக்கம் வரை எழுதும். சராசரி எடுத்த நெடுவரிசையில் 33.3333333333333 என்று நீளும். பார்வைக்குப் போகும் நகலில் ரவுண்ட்(…, 2) போடுங்கள். மூலக் கோப்பில் போடாதீர்கள். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே வைத்திருந்தால் கடைசி இலக்கம் மாறிவிடலாம். கணக்கு எண், கைபேசி எண், ஆதார், எஸ்டிடி, சர்வே எண் ஐந்தும் பெயரில்தான் எண்கள். இவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. ஆரில் இவற்றை உரையாகவே வைத்திருங்கள்:

ரீட்.சிஎஸ்வி("மண்டி.சிஎஸ்வி", கால்கிளாஸஸ் = சி(எஸ்டிடி = "கேரக்டர்", சர்வே = "கேரக்டர்"))

கால்கிளாஸஸில் நடுவில் வரும் சி மட்டும் பெரிய எழுத்து.

இவ்வளவு செய்தும் எக்செல் கெடுக்கும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கோப்பில் "04343" என்று மேற்கோளுக்குள் இருந்தாலும், இருமுறை சொடுக்கித் திறந்தால் எக்செல் முன் பூஜ்யத்தைத் தின்றுவிடும். சர்வே எண் 12/3 கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து மார்ச் 12 ஆகவோ டிசம்பர் 3 ஆகவோ மாறும். அப்படியே சேமித்துவிட்டால் மூல எண் போனது போனதுதான். பெறுபவர் வெறும் எக்செல் தாளைத் திறந்து, டேட்டா பட்டியலில் உரை அல்லது சிஎஸ்வியிலிருந்து எடு என்ற வழியாகக் கொண்டுவந்து, அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று குறிக்க வேண்டும். அவர் செய்யமாட்டார் என்று தெரிந்தால் சிஎஸ்வியே அனுப்பாதீர்கள். ரைட்எக்ஸ்எல் தொகுப்பால் (தொகுப்பு என்பது ஆரில் கூடுதலாக நிறுவும் பேக்கேஜ்) எக்செல் கோப்பாகவே எழுதிக் கொடுங்கள், உரை உரையாகவே போகும். சமத்துவக் குறி போட்டு ="04343" என்று எழுதும் குறுக்குவழியும் இருக்கிறது. எக்செல்லில் நன்றாகத் தெரியும், வேறு எந்த மென்பொருளிலும் அந்தக் கோப்பு உதவாது.

தமிழ் எழுத்து

ஊர்ப் பெயர் தமிழில் இருந்தால் முதலில் ஆரின் பதிப்பைப் பாருங்கள். விண்டோஸில் 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பிலிருந்துதான் ஆர் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறை) இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அதற்கும் விண்டோஸ் 10இன் 1903 பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும். பழைய பதிப்பில் 'தருமபுரி' கோப்புக்குள் போகும்போது ஒவ்வொரு எழுத்தும் கோண அடைப்புக்குள் யூ+0, பிறகு குறியெண் என்ற வடிவில் உடைந்து விழும். அது திரையில் தெரிவதில் உள்ள கோளாறு அல்ல. கோப்புக்குள் அப்படியே எழுதப்பட்டிருக்கும், எழுத்துரு மாற்றினாலும் திரும்பாது. பதிப்பைப் புதுப்பிப்பதே தீர்வு. லினக்ஸ், மேக் கணினிகளில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

புதிய பதிப்பில் எழுதிய கோப்பு நோட்பேடில் சரியாகத் தெரிந்து, எக்செல்லில் மட்டும் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் ® குறியும் மாறி மாறி வந்தால் கோப்பில் குற்றமில்லை. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். எக்செல் அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படிக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் 'பாம்' எனப்படும் 3 பைட் முன்குறி இருந்தால் எக்செல் புரிந்துகொள்ளும். எளிய வழி, ரீட்ஆர் தொகுப்பு:

ரீட்ஆர்::ரைட்_எக்செல்_சிஎஸ்வி(மண்டி, "மண்டி.சிஎஸ்வி")

இது முன்குறியையும் சேர்த்து எழுதும், வரி எண்களை எழுதாது. டேட்டா.டேபிள் தொகுப்பின் எஃப்ரைட் கட்டளையில் பாம் = ட்ரூ என்று கொடுத்தாலும் அதே பலன். லட்சக்கணக்கான வரிகள் இருந்தால் எஃப்ரைட்தான் வேகம். ரைட்.சிஎஸ்வியில் ஃபைல்என்கோடிங் என்பதற்கு 'யூடிஎஃப்-8-பாம்' என்று கொடுத்துப் பார்க்க வேண்டாம். அந்தப் பெயர் படிப்பதற்கு மட்டும்தான். முன்குறியுள்ள கோப்பை ரீட்.சிஎஸ்வியால் திரும்பப் படிக்கையில் அதைக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் நெடுவரிசையின் பெயருக்கு முன்னால் குப்பை ஒட்டிக்கொள்ளும். ஃபைல்என்கோடிங்கில் ஈ பெரிய எழுத்து, யூடிஎஃப்-8-பாம் முழுக்கப் பெரிய எழுத்து.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல்களை முதலில் யூனிகோடாக மாற்றிவிட்டுத்தான் ஆருக்குள் கொண்டுவர வேண்டும். ஆருக்கு அவை ஆங்கில எழுத்துகள் மட்டுமே.

இடைவெளி போட்டு நெடுவரிசைகளை நேராக நிறுத்தலாம் என்று நினைத்தால், தமிழில் அது நடக்காது. 'தருமபுரி' கண்ணுக்கு ஐந்து எழுத்து. எழுத்தெண்ணும் என்சார் கட்டளை 8 என்று சொல்லும், ஏனெனில் உகர, இகரக் குறிகள் தனியாக எண்ணப்படுகின்றன. பைட் கணக்கில் 24. டேப் அல்லது காற்புள்ளியே போதும்.

'போச்சம்பள்ளி'யில் வேறொரு நுட்பம். 'போ' என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும் தட்டலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்று. ஆருக்கு இரண்டு வேறு ஊர்கள். எழுதும் முன் ஸ்ட்ரிங்கி தொகுப்பின் ஸ்ட்ரி_டிரான்ஸ்_என்எஃப்சி கட்டளையில் ஒருமுறை போட்டு எடுத்தால் ஒன்றாகும். தருமபுரி–தர்மபுரி, ஓசூர்–ஒசூர், அரூர்–ஹரூர் போன்ற வேறுபாட்டை எந்தக் கட்டளையும் தீர்க்காது. ஊருக்கு ஒரு குறியீடு என்று தனி நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு எங்கே போனது

பாதை கொடுக்காமல் எழுதினால் கெட்டபிள்யூடி() காட்டும் ஃபோல்டரில் விழும். விண்டோஸ் பாதையை நகலெடுத்து ஒட்டும்போது வரும் பின்சாய்கோடு ஆருக்கு வேறு பொருள். சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரை அப்படியே ஒட்டினால் பின்சாய்கோடும் பெரிய யூவும் சேர்ந்து யூனிகோட் குறியாகப் படிக்கப்பட்டு, பதினாறெண் இலக்கம் எங்கே என்று பிழை வரும். முன்சாய்கோடாக மாற்றுங்கள், இல்லையேல் இரட்டிப்பாக்குங்கள்.

அனுமதி மறுப்பு என்று வந்தால் பெரும்பாலும் அதே கோப்பு எக்செல்லில் திறந்து கிடக்கிறது. மூடிவிட்டு ஓட்டுங்கள். அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை என்று வந்தால் ஃபோல்டரை நீங்கள்தான் உருவாக்க வேண்டும்: டிர்.கிரியேட்("வெளியீடு", ரிகர்ஸிவ் = ட்ரூ). முக்கியமாக, அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால் ஆர் கேட்காமலே அதை அழித்து எழுதும். பெயரில் தேதி சேர்ப்பது நல்லது: பேஸ்ட்0("மண்டி_", சிஸ்.டேட்(), ".சிஎஸ்வி"). சிஸ், டேட் இரண்டிலும் முதலெழுத்து பெரியது.

தினம் ஒரு வரி சேர்ப்பது

கிருஷ்ணகிரியில் உள்ள கே.ஆர்.பி. அணை நீர்மட்டத்தைத் தினமும் குறித்து வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி. 'இன்று' என்ற ஒரு வரி டேட்டா ஃபிரேமில் தேதியும் மட்டமும்:

ரைட்.டேபிள்(இன்று, கோப்பு, செப் = ",", அப்பெண்ட் = ட்ரூ, ரோ.நேம்ஸ் = ஃபால்ஸ், கால்.நேம்ஸ் = !ஃபைல்.எக்ஸிஸ்ட்ஸ்(கோப்பு))

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். கோப்பு இல்லாத முதல் நாளில் மட்டும் தலைப்பு எழுதப்படும். அது இல்லாவிட்டால் தினமும் தலைப்பு வரி நடுவில் புகுந்து, பிறகு மட்ட நெடுவரிசை முழுவதும் உரையாகிவிடும். நெடுவரிசை வரிசை மாறியிருக்கிறதா என்று ஆர் சரிபார்க்காது. ஒருநாள் மட்டம், தேதி என்று புரட்டிக் கொடுத்தால் அப்படியே சேர்த்துவிடும். அளக்காத நாளுக்கு என்ஏ என்றே எழுதப்படும்; எக்செல்காரருக்கு வெற்றுக் கட்டம் வேண்டுமென்றால் என்ஏ = "" கொடுங்கள். இங்கே இடப்பக்கத்து என்ஏ சிறிய எழுத்து. பூஜ்யம் போடாதீர்கள், அளக்காதது வேறு, அணை வறண்டது வேறு.

லூப்புக்குள் ஆயிரக்கணக்கான முறை அப்பெண்ட் செய்தால் ஒவ்வொரு முறையும் கோப்பு திறந்து மூடி மெதுவாகும். ஒருமுறை திறந்து, எழுதி, மூடுங்கள்:

கான் <- ஃபைல்("பதிவு.டிஎக்ஸ்டி", "டபிள்யூ")
ரைட்லைன்ஸ்(வரிகள், கான்)
குளோஸ்(கான்)

ரைட்லைன்ஸில் எல் பெரிய எழுத்து. குளோஸ் மறந்தால் கடைசிச் சில வரிகள் வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே தங்கலாம்.

கேட் கட்டளையும் எழுதும், ஆனால் வரி முடிவைத் தானாகப் போடாது. "\என்" என்று நீங்கள் போட வேண்டும். எண்களை 7 இலக்கத்தோடு நிறுத்தியும் விடும். அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றை ரைட் என்ற வெறும் கட்டளையால் எழுதினால், நெடுவரிசை வழியாகப் படித்து வரிக்கு ஐந்தாக அடுக்கி, வரிகளையும் நெடுவரிசைகளையும் கலந்துவிடும். டி(அணி) என்று புரட்டி, என்காலம்ஸ் = என்கால்(அணி) கொடுங்கள். புள்ளியியல் மாதிரி (மாடல்) ஒன்றின் சுருக்கத்தைக் கோப்பாக்க கேப்சர்.அவுட்புட்(சம்மரி(மாதிரி), ஃபைல் = "முடிவு.டிஎக்ஸ்டி") போதும். திரையில் வருவதைக் கோப்புக்குத் திருப்பும் சிங்க் கட்டளையிலும் இது முடியும். ஆனால் அதை மூட மறந்தால் திரையில் எதுவும் வராமல் ஆர் உறைந்துவிட்டதாகத் தோன்றும். வெறும் சிங்க்() தட்டினால் திரும்பும்.

அனுப்பும் முன் சோதனை

எக்செல்லில் திறந்து சோதிக்காதீர்கள். அது காட்டுவது கோப்பை அல்ல, தன் விளக்கத்தை. கச்சா வரிகளைப் பாருங்கள் (ரீட்லைன்ஸிலும் எல் பெரிய எழுத்து):

ரீட்லைன்ஸ்("மண்டி.சிஎஸ்வி", என் = 5)

பிறகு ஒவ்வொரு வரியிலும் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள்:

டேபிள்(கவுண்ட்.ஃபீல்ட்ஸ்("மண்டி.சிஎஸ்வி", செப் = ",", கோட் = "\"", காமெண்ட்.சார் = ""))

நம் அட்டவணைக்கு 5 என்ற ஒரே எண்தான் வர வேண்டும். 6 என்று நாலு வரி காட்டினால் எங்கோ காற்புள்ளி மேற்கோளுக்கு வெளியே நிற்கிறது. என்ஏ வந்தால் ஏதோ முகவரிக்குள் வரி உடைந்திருக்கிறது. எழுதும் முன் ஜிசப் மூலம் "\என்" என்பதை இடைவெளியாக மாற்றிவிடுங்கள். கடைசியாக, மேலே சொன்ன கால்கிளாஸஸோடு படித்து, 'திரும்ப' என்ற பெயரில் வைத்துக்கொண்டு, ஆல்.ஈக்வல்(மண்டி, திரும்ப) ஓட்டுங்கள். ட்ரூ வந்தால் அனுப்பலாம். தேதி நெடுவரிசை இருந்தால் மட்டும் வகை வேறுபாடு என்று முறையிடும், ஏனெனில் கோப்புக்குள் தேதி வெறும் உரைதான், ஆஸ்.டேட் (டேட்டின் முதலெழுத்து பெரியது) போட்டுவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள்.